சீட்டில் வந்த பேர்கள்

மகன், முதல்ல ஒண்டைச் சொல்லிப்போடுறன், கோவிக்காதை. அலுமாரிக்கு மேல நீ கயிறு போட்டுக் கட்டி வைச்சிட்டுப் போன பெட்டியை நான் இறக்கிப்போட்டன். கயித்தையும் அறுத்துப்போட்டன். "ஆருக்கும் விருப்பமெண்டால் குடுங்கோ, இல்லாட்டி அடுப்புக்குப் போடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுத்தானே கட்டாருக்கு வெளிக்கிட்டனி. அடுப்புக்குப் போட எனக்கென்ன விசரா? இதை உனக்குத் தனியாவும் எழுதியிருக்கலாம். தனியா எழுதினால் "சரி அம்மா" எண்டு ரெண்டு சொல்லோட முடிச்சுப்போடுவாய், உன்னை எனக்குத் தெரியாதே! அதுதான் நாலுபேர் பாக்க எழுதிறன். உன்னை மாதிரிப் பெட்டியைக் கட்டி மேல ஏத்தின வேற பிள்ளையளும் இருப்பினம், அவையளுக்கும் உதவட்டும்.

அவைக்காக ஒரு சொல்லு விளக்கம் சொல்லுறன், நீ சிரிக்காமல் இரு. நீ செய்யிறது மேசையைச் சுத்தி இருந்து விளையாடுற கதை விளையாட்டு. ஒராள் கதையை நடத்துவார். மற்றவை ஆளுக்கொரு ஆளா மாறி, "நான் இப்ப இப்பிடிச் செய்யிறன்" எண்டு வாயாலயே சொல்லுவினம். செய்தது சரிவருமோ வராதோ எண்டு ஐமிச்சமான இடத்தில தாயக்கட்டையை உருட்டிப் பாப்பினம். தோக்கிறது வெல்லுறது எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. இதை நீ எனக்கு எத்தினை தரம் விளங்கப்படுத்தியிருப்பாய்! ஒவ்வொரு தரமும் நான் "அப்ப கூத்துத்தானே" எண்டு கேக்க, நீ தலையில கை வைச்சுக்கொண்டு இருப்பாய். இப்ப சொல்லுறன், கூத்து இல்லை. கூத்தில வசனம் முதலே எழுதிக் கிடக்கும்.

இந்தப் பைத்தியம் உனக்கு இந்தியாவில, அகதி முகாமில பிடிச்சது. பின்னேரப் பாடம் சொல்லித்தர வந்த கல்லூரிப் பிள்ளையள் ஒரு நாள் பாடத்தை விட்டிட்டு உங்களை வட்டமா இருத்தி விளையாடுவிச்சவை. நீ ஓடி வந்து, "அம்மா, நான் இண்டைக்கு ஒரு கப்பலுக்குக் கப்டன்" எண்டு சொன்னாய். நான் ரேசன் அரிசியில கல்லுப் பொறுக்கிக்கொண்டிருந்தனான். "கப்டன் போய்த் தண்ணி பிடிச்சுக்கொண்டு வாங்கோ" எண்டன். நீயும் வாளியைத் தூக்கிக்கொண்டு கப்டன் மாதிரியே நெஞ்சை நிமித்திக்கொண்டு போனாய். எனக்குச் சிரிப்புத் தாங்கேல்லை. அந்த நடை இண்டைக்கும் என்ர கண்ணுக்குள்ள நிக்குது, ராசா.

பிறகு சண்டை முடிஞ்சு எங்கட ஊர் தோட்டவெளிக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டிலில இருந்த காலம். நானும் அப்பாவும் வளவுக்குள்ள நிண்ட உடைமுள்ளை வெட்டி வெட்டிக் கை கிழிஞ்சு போய் நிக்க, நீ மன்னார் ரவுனுக்குப் போய் ஆரோ வெள்ளைக்காரர் எழுதி இலவசமா விட்ட விதிப் புத்தகங்களைப் போனில இறக்கிக்கொண்டு வருவாய். அகராதியை மடியில வைச்சுக்கொண்டு வாசிப்பாய். பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு வராத இங்கிலீசு உனக்கு அப்பிடித்தான் வந்தது. கொழும்பில இருந்து எடுப்பிச்ச இருபது முகத் தாயக்கட்டையை நான் பொத்தான் போடுற தகர ரின்னுக்குள்ள போட்டுவைக்க, தையல் கடையில சபீனா அதைத் தூக்கிப் பாத்திட்டு, "அக்கா, இந்தப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற சேட்டை ஆர் போடப்போறான்?" எண்டு கேட்டது ஞாபகமே?

ஹாட்வெயார் கடையில வேலை முடிஞ்சு வந்து, என்ர துணி வெட்டுற மேசையின்ர ஒரு ஓரத்தில இருந்து நீ உன்ர சொந்த விளையாட்டை எழுதத் தொடங்கினாய். இந்தியாவில இருந்து ஒரு வள்ளம் திரும்பி வருது, அதில வாற ஆக்கள்தான் விளையாடுற ஆக்கள். ரெண்டு வருசத்துக்கு மேல அதோட கிடந்தாய். பிறகு கொழும்பில விளையாட்டுச் செய்யிற பிள்ளையள் கூடுகினம் எண்டு கேள்விப்பட்டு, நான் தைச்சுத் தந்த புதுச் சேட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாய். திரும்பி வந்த முகத்தைப் பாக்கவே தெரிஞ்சுது. ஒரு பெடியன் பாதியில, "சண்டை எங்க? இதில சிரிச்சு விளையாட என்ன பம்பல் இருக்கு?" எண்டு கேட்டவனாம். அந்தப் பெடியனை நான் குறை சொல்லேல்லை. சண்டையைக் காணாத பிள்ளைக்குச் சண்டை பம்பலாத்தான் இருக்கும், கடவுளே எண்டு அவன் அப்பிடியே இருக்கட்டும். ஆனால் நீ அவன் ஒருத்தன்ர கதையைக் கேட்டிட்டு முழுக் கொழும்பும் சொன்ன மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தாய் பார், அதுதான் எனக்குக் கோவம்.

"சரி, எங்கட சனத்தோட விளையாடிப் பாப்பம்" எண்டாய். பூசை முடிஞ்சு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுத்திக் கதிரை போட்டாய். நான், சபீனா, ராசம்மா அக்கா. சபீனா எங்கட பக்கத்துத் தாராபுரத்து ஆள், அந்தக் காலம் முஸ்லிம் சனத்தை வெளிக்கிடச் சொன்ன உடனை கைப்பிள்ளையோட போய்ப் புத்தளத்தில கனகாலம் இருந்து திரும்பினவ, இப்ப என்னோட கடையில தைக்கிறவ. ராசம்மா அக்கா தேயிலைத் தோட்டத்தில பிறந்து, கலவரத்துக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து, பிறகு இஞ்ச இருந்தும் ஓடி, இப்ப உயிலங்குளத்தில இருக்கிறவ. வயல் வேலை இல்லாத நாளில எங்களுக்குப் பொத்தான் தைச்சுத் தருவா. மூண்டு பேரும் கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி நிமிந்து இருந்தம். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்கள் வள்ளத்தில வாறியள். நீங்கள் ஆர்?" எண்டு கேட்டாய்.

நான் என்ர பேரைச் சொன்னன். தகப்பன் பேர், ஊர், முகாம், எத்தினையாம் லைன், எத்தினையாம் வீடு, எல்லாத்தையும் மூச்சு விடாமல் ஒப்புவிச்சன். சபீனாவும் அப்பிடியே. ராசம்மா அக்கா பயந்துபோய், "தம்பி, அடையாள அட்டையை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேனே, எடுத்திட்டு வரட்டுங்களா?" எண்டு எழும்பினா. நீ பொறுமையாத்தான் சொன்னாய், "இல்லையம்மா, வேற ஆளா இருங்கோ. வேற பேர் ஒண்டு சொல்லுங்கோ." நான் கேட்டன், "பொய்ப் பேரோ? பிடிச்சால்?" "ஆரம்மா பிடிக்கிறது, இது எங்கட வீடு!" எண்டாய். எனக்கும் தெரியும் எங்கட வீடு எண்டு. வாய் வரேல்லை மகன். எங்களுக்குப் பேர் எண்டது ஒரு எழுத்துப் பிசகினாலும் பகல் முழுக்க வெயிலில நிக்கவைக்கிற சாமான். நாங்கள்தான் நாங்கள் எண்டு காட்டிக் காட்டியே எங்கட வயசு போட்டுது. வேற ஆள் எண்டு சொல்ல நாங்கள் எங்க பழகினது?

அடுத்தது அதைவிட மோசம். "நேவிப் போட் ஒண்டு வந்து உங்கட வள்ளத்தை மறிக்குது. என்ன செய்யிறியள்?" எண்டு கேட்டாய். நாங்கள் மூண்டு பேரும் கதிரையை விட்டு எழும்பி நிண்டம். ஒருத்தரும் ஒருத்தரைப் பாத்து எழும்பேல்லை. கால் தானா எழும்பிட்டுது. சபீனா கைப்பையையும் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டா. வாசலில கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா மட்டும் சிரிச்சார், பிறகு அவரும் சிரிப்பை விட்டிட்டார்.

நீ கடுதாசியளை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கினாய். அவை போனாப்பிறகு என்னட்டைக் கேட்டாய், "கொழும்பில இருக்கிறவைக்கு இது விளங்கேல்லை. எங்கட சனத்தால விளையாட ஏலாது. அப்ப ஆருக்கம்மா நான் இதைச் செய்யிறன்?" நான் என்ன சொன்னனான்? "தேத்தண்ணி ஊத்தட்டே?" எண்டு கேட்டனான். அடுத்த கிழமை நீ கட்டார் வேலைக்குக் கையெழுத்து வைச்சாய். வேலைக்குப் போனது பிழையில்லை, வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழட்டி ஓடு போடவேணும்தானே. ஆனால் அந்தக் கடுதாசியளைப் பெட்டியில போட்டுக் கட்டின கட்டைப் பாத்தன். திருப்பி அவிழ்க்கிற எண்ணத்தில ஒருத்தரும் அப்பிடி முடிச்சுப் போடமாட்டினம். அந்த முடிச்சுத்தான் என்னை நித்திரை கொள்ள விடேல்லை. உனக்குள்ள இருக்கிற கப்டனை நீ அதுக்குள்ள வைச்சுக் கட்டிப்போட்டாய் எண்டு எனக்குப் பட்டுது.

பிறகுதான் சபீனான்ர மகள் நஸ்ரினைப் பிடிச்சன். அவ இப்ப இங்கிலீசு ரீச்சரெல்லே, நீ விட்டிட்டுப்போன பழைய போனை அவவிட்டைக் குடுத்து, "என்ர பிள்ளை எங்க போய் உதுகளை வாசிக்கிறவன், எனக்கும் வாசிச்சுக் காட்டு" எண்டன். அவ இன்ரநெற்றில ஒரு கூட்டத்தைக் காட்டினா. அம்மாடி! உலகம் முழுக்க உன்னை மாதிரி விசரர் இருக்கினம். எழுதினதை ஒருத்தருக்கொருத்தர் காட்டி, விளையாடிப் பாத்து, "இந்த இடத்தில எங்களுக்கு அலுத்துப்போச்சு, இந்த விதி விளங்கேல்லை" எண்டு சொல்லிக்கொண்டிருக்கினம். அங்க ஒரு நல்ல வழக்கம் கண்டன்: உன்ரையைக் காட்ட முதல் மற்றவையின்ர ஒண்டு ரெண்டை வாசிச்சு உன்ர மனசைச் சொல்லவேணும். நீ அந்தக் கூட்டத்தில சேந்து எவ்வளவு காலம்! ஒருக்கால், ஒரே ஒருக்கால் வாயைத் திறந்து ஒண்டும் எழுதேல்லையாமே? கலியாண வீட்டுக்குப் போய்ப் பந்தலுக்கு வெளியில நிண்டு எட்டிப்பாத்திட்டு வந்தனியோ? இங்கிலீசுக்கு வெக்கமோ, இல்லாட்டி ஆரும் களவெடுத்துப்போடுவினம் எண்டு பயமோ? எங்கட வள்ளக் கதையை ஆரும் எடுக்கிறதெண்டால் எடுக்கட்டும், கடலில நாங்கள் எடுத்த வாந்தியையும் சேத்து எடுக்கச் சொல்லு.

நான் பாத்ததில இன்னும் ரெண்டு மூண்டைச் சொல்லுறன், மற்றப் பிள்ளையளும் கேளுங்கோ. சில பேர் தங்கட விதியளை, "ஆரும் எடுத்து மாத்தி உங்கட கதைக்குப் பாவியுங்கோ, எங்கட பேரை மட்டும் போடுங்கோ" எண்டு திறந்து விட்டிருக்கினம். நீ எல்லாத்தையும் முழுக்க முழுக்க நீயே யோசிக்க வெளிக்கிட்டுத்தான் ரெண்டு வருசம் போனது. நான் சட்டை தைக்கப் பழகினது எப்பிடி? முகாமில ஆரோ தந்த பழஞ்சட்டையைத் தையல் பிரிச்சு, அந்த அளவுக்கு வெட்டித்தான். அது களவில்லை. பிறகு, ஒரே ஒரு கடுதாசிப் பக்கத்துக்குள்ள ஒரு விளையாட்டை, சொன்ன நாளுக்குள்ள முடிச்சுக் குடுக்கிற போட்டியள் வைக்கினம். பரிசுக்கில்லை, முடிக்கப் பழகிறதுக்கு. உன்னை மாதிரி முடிக்கத் தெரியாத ஆளுக்கு அது பெரிய மருந்து. மற்றது, தமிழில எழுதினால் ஆர் சீண்டுவினம் எண்டு சொல்லுவியே, சென்னைப் பக்கம் சில பிள்ளையள் தமிழிலயே இருந்து விளையாடுகினம், கனடாவில இருந்து ஒரு பிள்ளை தமிழில விதி எழுதிப் போட்டிருக்கு. நஸ்ரின் அவவுக்கு வணக்கம் சொல்லி எழுத, மறுநாளே "உங்கட மகன்ரையை அனுப்புங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுறன்" எண்டு வந்திட்டுது. பார், எத்தினை லேசு.

நஸ்ரின் இன்னொரு வேலையும் செய்தா. உன்னைக் கேக்காமல்தான், ஏசுறதெண்டால் என்னை ஏசு, அந்தப் பிள்ளையை ஏசாதை. "எங்கட வீட்டுச் சனம் வேற ஆளா மாற மாட்டினமாம், பயப்பிடுகினம், என்ன செய்யலாம்?" எண்டு அந்தக் கூட்டத்தில எழுதிப் போட்டா. ஆர் ஆரோ மறுமொழி எழுதிச்சினம். அவை எங்களைப் பாத்துச் சிரிக்கேல்லை. தங்கட நாட்டில ஓடிவந்த சனத்தோட விளையாடின ஒருத்தி எழுதினா: "அவையளைப் பேர் சொல்லச் சொல்லிக் கேக்காதையுங்கோ. பேரை நீங்களே குடுத்திடுங்கோ. அப்ப பொய் அவையளின்ரை இல்லை, விளையாட்டின்ரை." நஸ்ரின் இதை வாசிக்க எனக்குப் பட்டெண்டு விளங்கிட்டுது. கரைவலை போடுற முறை ஆருக்கு எண்டு அப்பா ஆக்கள் சீட்டுப் போட்டு எடுக்கிறவை எல்லே? சீட்டில வந்தால் வந்ததுதான், அதுக்கு மேல ஒருத்தரும் ஒரு கதை கதைக்கமாட்டினம், சண்டைக்காரரும் வாயை மூடுவினம். நாங்கள் அதுக்குப் பழகின சனம். உன்ர விளையாட்டுக்கும் சீட்டுப் போட்டால் என்ன?

போட்டம். நஸ்ரின் ஒரு பேர், அந்த ஆளின்ர குணம் எண்டு துண்டு துண்டா எழுதி, என்ர பொத்தான் ரின்னுக்குள்ள போட்டுக் குலுக்கினா. கதையை நடத்தினதும் அவதான், உன்ர கடுதாசியளை வைச்சுக்கொண்டு. எனக்கு வந்த சீட்டு, பிலோமினா. வாய்க்காரி, ஆருக்கும் பயமில்லாதவள். சபீனாவுக்கு வந்தது ஒரு கிழவன், காது கேளாது. ராசம்மா அக்கா சீட்டை விரிச்சு நஸ்ரினிட்டை வாசிக்கக் குடுத்தா. நஸ்ரின் வாசிச்சிட்டுச் சீட்டைத் திருப்பி மடிச்சா. நேவிக்காரன் எண்டு இருந்தது. "வேணாமெண்டால் வேற எடுங்கோ" எண்டு சொல்லிப் பாத்தம். ராசம்மா அக்கா, "சீட்டுல வந்துருச்சில்ல, விடுங்க" எண்டு சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பி நிண்டா.

மகன், நீ அதைப் பாத்திருக்க வேணும். ராசம்மா அக்கா எங்களை ஒரு பார்வை பாத்தா. "பேரு?" எண்டு கேட்டா. நான் எழும்பேல்லை. கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்து, "என்ர பேரைச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை" எண்டன். நான் சொல்லேல்லை, பிலோமினா சொன்னவள். ஆனால் வாய் என்ர வாய்தானே! இந்த வயசு வரைக்கும் அந்த வசனம் என்ர வாயால வந்ததில்லை, சத்தியமா. சொல்லி முடிய எனக்குச் சிரிப்பு வந்தது. சபீனாக் கிழவன் காதில கையை வைச்சுக்கொண்டு, "என்ன மோனே, சத்தமாக் கேள்" எண்டு கத்த, வாசலில அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். நஸ்ரின் தாயக்கட்டையை உருட்டச் சொன்னா, உருட்டினம், நல்லா விழேல்லை. நேவிக்காரன் எங்களைக் கொண்டுபோகலாம் எண்டு வந்தது.

எல்லாரும் ராசம்மா அக்காவைப் பாத்துக்கொண்டு இருந்தம். அவ என்னவும் சொல்லலாம், விளையாட்டு அவவின்ர கையில. பிறகு மெல்லமாக் கேட்டா, "நீங்க எல்லாம் சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். சபீனா தலையில போட்ட முந்தானையை வாயில வைச்சுக்கொண்டு அழத் தொடங்கிட்டா. "யா அல்லாஹ், ஒருத்தன் கேட்டிருந்தால், அண்டைக்கு ஒரே ஒருத்தன் இப்பிடிக் கேட்டிருந்தால்" எண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னா. நான் அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். நானும் அழுதனான், ஒளிக்க என்ன இருக்கு. அழுது முடிய ராசம்மா அக்கா கேக்கிறா, "என்னங்க, நான் தப்பா விளையாடிட்டேனா?"

நீ கேட்ட கேள்விக்கு இப்பதான் எனக்கு மறுமொழி கிடைச்சிருக்கு. ஆருக்குச் செய்யிறன் எண்டு கேட்டாயே? எங்களுக்குத்தான். அந்தக் கொழும்புப் பெடியனுக்கும்தான், அவனும் ஒருநாள் ராசம்மா அக்காவுக்கு வந்த சீட்டை எடுக்கவேணும், அப்ப என்ன கேப்பான் எண்டு பாப்பம். நீ செய்தது நல்ல விளையாட்டு, ராசா. ஒரு இடம் பிழைச்சது, அந்த ஒரு இடத்தைத் தனிய இருந்து யோசிச்சு உன்னால கண்டுபிடிக்க ஏலாமல் போட்டுது. உனக்குப் போதாமல் போனது ஆக்கள்தான், கெட்டித்தனம் இல்லை. அங்க கட்டாரில உன்ர அறையில நாலு பேர் இருக்கினம் எண்டாய், ஒருத்தன் மட்டக்களப்பு, ஒருத்தன் கேரளா எண்டாய். வெள்ளிக்கிழமை லீவுதானே, கட்டிலுக்கு நடுவில சீட்டைப் போட்டுக் குலுக்கு. அவங்கள் எங்க அலுத்துக் கொட்டாவி விடுறாங்கள் எண்டு பார், அதை அந்தக் கூட்டத்தில எழுது. வெக்கப்படாமல் எழுது.

இனி வந்த விசயத்தைச் சொல்லுறன். இப்ப ஒவ்வொரு ஞாயிறும் விளையாட்டு நடக்குது. அப்பாவும் போன கிழமை, "எனக்கும் ஒரு சீட்டுப் போட்டால் என்ன?" எண்டு வந்து இருந்திட்டார், அவருக்கு வந்தது ஒரு ஆடு, அதுவும் கொண்டாட்டம்தான். நேவிக்காரன் எங்களை விட்டிட்டுத் தானும் எங்கட வள்ளத்தில ஏறிட்டான், கரை தெரியுது, வள்ளம் தரை தட்டிட்டுது, எல்லாரும் இறங்கிட்டம். நஸ்ரின் அடுத்த கடுதாசியைப் புரட்டினா. அதில ஒண்டும் இல்லை. பெட்டியைத் தலைகீழாக் கொட்டிப் பாத்தம், அதோட நிக்குது. "நாங்களே ஒண்டு சொல்லிச் சமாளிப்பம்" எண்டு நான் சொல்ல, ராசம்மா அக்கா கண்டிப்பாச் சொல்லிப்போட்டா, "வேணாம்மா, புள்ள எழுதட்டும், அது வரைக்கும் இருப்போம்." சரியெண்டு ஒருத்தரும் அங்கால போகேல்லை. பிலோமினா, காது கேளாத கிழவன், ஆடு, எங்களோடயே இறங்கிவந்த நேவிக்காரன், எல்லாரும் சாமானைத் தலையில வைச்சுக்கொண்டு முழங்கால் தண்ணியில நிக்கிறம், மகன். ஊர் முன்னால தெரியுது. எழுதியனுப்பு, நாங்கள் கரையேறி வர.